ஏலக்காரர் வீட்டுப் பூனை

வாழைத்தார் ஏலம் விடும் தவசிலிங்கத்துக்குத் தொண்டை கோயில் மணி மாதிரி. சந்தையில் நின்று "ஒரு தரம்!" என்றாரானால், புறவழிச்சாலையில் போகும் பஸ்ஸில் உறங்குகிறவன் தன் ஊர் வந்துவிட்டதென்று இறங்கிவிடுவான். அப்படி இறங்கியவர்களில் இரண்டு பேர் இங்கேயே கல்யாணம் கட்டிக் குடியிருக்கிறார்கள். நம்பாதவர்கள் வந்து விசாரிக்கலாம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பூனையிடம் தோற்று, இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு தன் குருவிடம் வந்து நின்றார்.

குரு என்றதும் நரைத்த தாடியை நினைக்க வேண்டாம். சீடரின் மகள் வயதுதான் அவருக்கு இருக்கும். ஆற்றங்கரை மடத்தில் இருந்தார். சீடரை அவர் "அண்ணாச்சி" என்பார். சீடர் அவரை "சாமி" என்பார்.

"கையிலே என்ன அண்ணாச்சி?"

"மிளகு, சாமி. மக முத்துச்செல்வி வளர்த்த கறுப்புப் பூனை. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகையிலே விட்டுட்டுப் போனா. என்னைக் கண்டாலே பீரோ மேலே ஏறிக்குது. ஞாயித்துக்கிழமை அவ வர்றா. 'உங்ககிட்ட ஒட்டலேன்னா நான் கொண்டு போயிடுறேன்ப்பா'ங்கிறா. அப்புறம் அந்த வீட்டிலே நானும் பீரோவும்தான்."

"நீங்க என்ன செய்யறீங்க?"

"வாலைப் பட்டுப் பட்டுன்னு தரையிலே அடிக்கும். ஆசையா இருக்குன்னு தூக்குவேன். பிறாண்டும். மல்லாந்து வயித்தைக் காட்டும். தடவச் சொல்லுதுன்னு தடவுவேன். கடிக்கும். காது ரெண்டையும் பின்னாலே படுக்கப் போடும். வெக்கப்படுதுன்னு முத்தம் கொடுத்தேன்."

தவசிலிங்கம் மூக்கைக் காட்டினார்.

குரு துண்டால் வாயைப் பொத்திச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "சந்தையிலே ஒரு ஆள் விலை கேக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சீடரின் நெஞ்சு நிமிர்ந்தது. "புருவம் ஆடினாப் போதும் சாமி. தார் அவன் தலையிலே. இத்தனை வருஷத்திலே ஒருத்தனைத் தவற விட்டதில்லை."

"நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

மறுநாள் குரு சந்தைக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றார். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. கையால் விரட்டினார்.

"சாமிக்கு ஒரு வண்டி!" என்று முழங்கினார் தவசிலிங்கம்.

மாலையில் மடத்து வாசலில் ஒரு வண்டி வாழைத்தார் வந்து இறங்கியது. பஜனைக்கு வந்தவர்கள் எல்லாம் தோளில் தாரோடு திரும்பினார்கள். மிஞ்சியதைத் தின்ன வந்த குரங்குகள்கூட பஜனை முடியும்வரை வரிசையாக உட்கார்ந்து தாளம் போட்டதாகக் கேள்வி.

தவசிலிங்கம் பெருமை தாங்காமல் ஓடி வந்தார். "சாமி மனசை எப்படிப் பிடிச்சேன் பாத்தீங்களா?"

"ஈயை விரட்டினேன் அண்ணாச்சி," என்றார் குரு.

தவசிலிங்கம் தன் கைத் துணிக்கட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மிளகு வாலை அடித்தால் சும்மா இருந்தார். காது படுத்தால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வயிற்றைக் காட்டினால், அழகான வயிறு என்று மனதுக்குள் சொல்லி அதோடு விட்டார்.

வெள்ளிக்கிழமை மிளகு பீரோவை விட்டு இறங்கியது. வாலைக் கம்பாக நிமிர்த்திக்கொண்டு வந்து, அவர் கணுக்காலில் தலையால் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போனது. அவர் மூச்சே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி மூடி போட்ட கூடையோடு வந்தாள். குருவும் வந்திருந்தார். மிளகு ஜன்னலில் உட்கார்ந்திருந்தது.

"கூப்பிடுங்கப்பா. வருதான்னு பார்ப்போம்."

தவசிலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். மிளகின் காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. வால் நுனி துடித்தது.

"இப்போ அதுக்கு மனசில்லேம்மா," என்றார். அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று மகளுக்கே அன்றுதான் தெரியும்.

"அப்போ நானே பிடிச்சுக் கூடையிலே வைக்கவா?"

"வேண்டாம். பயந்திருக்கு. போறதுன்னா அதுவாப் போகட்டும்."

முத்துச்செல்வி கூடையைத் திறந்து தரையில் வைத்தாள். காத்திருந்தார்கள். வால் அடங்கியது. காதுகள் நிமிர்ந்தன. மிளகு குதித்து இறங்கி, கூடையைச் சுற்றி வந்து மோந்தது. பிறகு உள்ளே போய் வட்டமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"வர்றேன்னு சொல்லிடுச்சே!" முத்துச்செல்வி கூடையை மூட மூடியை எடுத்தாள்.

எடுத்தவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. ஊரையே எழுப்புகிற வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் மூடியைச் சுவரோரம் சாத்தினாள்.

"கூடை இங்கேயே இருக்கட்டும்ப்பா. பூனைக்குப் பிடிச்சிருக்கு. நான் காபி போடறேன்."

அவள் அடுக்களைக்குள் போனதும் தவசிலிங்கம் குருவின் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் பல். "சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது இங்கே தங்குறது எனக்காகவா, இல்லே கூடைக்காகவா?"

கேட்கும்போதே அவர் வலது கை, அவருக்கே தெரியாமல், கூடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூடைக்குள் வால் நுனி லேசாக ஆடியது.

"அதைப் பிறகு பார்க்கலாம்," என்றார் குரு. "முதல்லே கையை எடுங்க, அண்ணாச்சி."