புற்றுக்காளான் குடை விரித்த கதை

அந்தக் காலத்தில், பூச்சிக்கும் பூண்டுக்கும் வாய் இருந்தபோது, காளான் மண்ணுக்கு மேலே தலைகாட்டியதே இல்லை. கரையான் புற்றுக்குள், ராணிக் கரையானுக்குத் தங்கையாக இருந்தது. ராணிக்குப் பெறுவது மட்டும்தான் வேலை, வளர்ப்பதெல்லாம் காளான். துவண்ட பிள்ளைக்குத் தன் உடம்பிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கும். மறுநாளே அது எழுந்து ஓடும்.

அப்படிப் பிழைத்த கடைக்குட்டிக்கு ஒருநாள் இறக்கை முளைத்தது. மேலே இடி இடித்தது. அந்தப் புற்றின் முதல் ஈசல் கூட்டம் வாசலுக்கு முண்டியடித்தது.

"சித்தி, போயிட்டு வாரேன்" என்றது கடைக்குட்டி.

புறப்படுகிற எவரும் சொல்கிற வார்த்தைதான். காளான் அதை அப்படியே நம்பிவிட்டது. பாவம், அதற்கு யாரையும் வழியனுப்பிப் பழக்கமில்லை. ஈசலுக்கு ஒருநாள்தான் ஆயுசு என்று யாரும் சொல்லவுமில்லை.

நாட்கள் போயின. ஏக்கத்தில் காளான் வெளுத்தே போனது. மறுபடி இடி இடித்ததும் பதறி எழுந்தது.

"அக்கா, பிள்ளை வந்துட்டான். மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பான்."

"வெளிய போனா நீ ரெண்டு நாள் தாங்க மாட்டே" என்றாள் ராணி.

"அவனைப் பாத்தாப் போதும்."

மற்றப் பிள்ளைகளுக்காக வேரைக் கீழேயே விட்டுவிட்டு, மண்ணை முட்டிப் பிளந்து மேலே வந்து, குடையை விரித்து நின்றது. எதிரே விறகு பொறுக்க வந்த ஒச்சம்மா. அவள் இடுப்பில், காய்ச்சலில் கிடந்து எழுந்த மகள், தலை நிற்காமல் தோளில் சாய்ந்திருந்தாள்.

"தாயி, என் பிள்ளையைப் பாத்தியா? ஈசல். இறக்கை கொஞ்சம் மெலிசா இருக்கும்."

ஒச்சம்மா மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். போன மழைக்கு இதே புற்றடியில்தான் ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்றிருந்தாள்.

"பாத்தேன்க்கா. அடுத்த இடிக்கு வாரேன்னு சொல்லச் சொன்னான்."

காளானுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "நல்ல சேதி சொன்னே. உன் பிள்ளை ஏன் இப்படித் துவண்டு கெடக்கு? என்னைக் கிள்ளிக் குழம்பு வச்சுக் குடு, தேறிரும். வேரை மட்டும் விட்டுரு. அவன் வரும்போது நான் இருக்கணும்."

ஒச்சம்மா அழுதுகொண்டே கிள்ளினாள். மூன்றாம் நாள் மகள் நடந்தாள்.

அன்று முதல்தான் இடி இடித்தால் புற்றில் காளான் குடையோடு வந்து நிற்கிறது. நாமும் நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு அந்தக் குழம்பில் முதல் கரண்டியை ஊற்றுகிறோம். வேரை விட்டுத்தான் பறிக்கிறோம். உண்மையை மட்டும் இன்றுவரை யாரும் அதனிடம் சொல்லவில்லை.