மூன்று வாசலுக்கும் ஒரே கயிறு

முன்னொரு காலத்தில் தேனம்பாடி என்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவனுக்கு மூன்று ராணிகள். மூவருக்கும் ஒரே தெருவில் வரிசையாக மூன்று மாளிகைகள். தெரு கொஞ்சம் வளைந்திருக்கும், அவ்வளவுதான். "என் வீட்டுக்கு வந்தால் மட்டும் உங்களுக்கு உட்கார நேரமில்லை" என்று மூவருமே குறைப்படுவார்கள். அரண்மனைக்கு ஒருத்தி வீடு பக்கம், ஒருத்தி வீடு தூரம், அதனால்தான் இந்த வம்பு என்று ராஜா முடிவு கட்டிவிட்டான்.

மந்திரி பூவராகனின் முத்திரை மோதிரத்தின் மேல் கண் வைத்திருந்த தளபதி கோதண்டன் சமயம் பார்த்துச் சொன்னான்: "பிரபு, மூன்று வாசலுக்கும் சம தூரத்தில் தங்களுக்கு ஒரு வீடு கட்டலாமே. இடத்தை மந்திரி காட்டட்டும். ஒரு சாண் பிசகினாலும் மோதிரம் எனக்கு."

"நல்ல யோசனை. மந்திரியாரே, மூன்று நாள் தவணை."

பூவராகன் விரலில் இருந்த மோதிரத்தைத் தடவிப் பார்த்தார். இருபது வருஷத்து மோதிரம். ஆனாலும் ராஜா மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. குழந்தை மாதிரி பிடிவாதம், குழந்தை மாதிரி மனசு. மணலில் மூன்று புள்ளி வைத்து, கோடு இழுத்துப் பார்த்தவர் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ராஜாவை அழைத்துக்கொண்டு வயல்களைத் தாண்டி, கருவேல முள் மண்டிய மேட்டில் ஏறி ஒரு முளை அடித்தார். "இதுதான் இடம்."

கோதண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "ராஜாவைக் காட்டுக்கு அனுப்புகிறாரே மந்திரி."

"அப்புறம் சிரிக்கலாம், தளபதியாரே. கயிற்றைப் பிடியும்."

முளையில் கட்டிய நெடுங்கயிறு மூத்தவள் வாசலைத் தொட்டது. நடு ராணி வாசலையும் தொட்டது, இளையவள் வாசலையும் தொட்டது. விரற்கடைகூடப் பிசகவில்லை. முள்ளில் ஓடி ஓடிக் கோதண்டனின் வேட்டிதான் கிழிந்தது.

"ஏனய்யா இவ்வளவு தூரம்?" என்றான் ராஜா.

"இரண்டு வீட்டுக்குச் சமமாக நிற்க, அவற்றின் நட்டநடுவே குறுக்காகப் போகும் கோட்டில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வீட்டுக்கு ஒரு கோடு, அடுத்த இரண்டுக்கு ஒரு கோடு. இரண்டும் சேரும் இடம்தான் மூவருக்கும் சமம். வீடுகள் ஏறக்குறைய நேர்வரிசை. அதனால் கோடுகள் இவ்வளவு தூரம் வந்துதான் சேர்கின்றன. வேறு இடமே கிடையாது, பிரபு."

ராஜா முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாளிகைகள் மூன்றும் சின்னதாகத் தெரிந்தன. "அவர்களுக்குக் குறை தீர்ந்தது, சரி. எனக்குப் பக்கத்தில் யாருமே இல்லையே" என்று முகம் வாடினான்.

பூவராகனுக்கு மனசு கேட்கவில்லை. "எழுந்திருங்கள். ராணியம்மாவையே கேட்டுவிடுவோம்."

விஷயத்தைக் கேட்ட மூத்த ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "யார் உங்களை அளக்கச் சொன்னது? வந்தால் கொஞ்சம் உட்காருங்கள் என்றுதானே சொன்னோம்."

ராஜா அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "கோதண்டா, அந்த மேட்டில் வீடு உனக்கு. அங்கிருந்து எவர் மோதிரமும் கண்ணுக்குத் தெரியாது."

கயிறு என்னாயிற்று என்கிறீர்களா? நடு ராணி வீட்டு முற்றத்தில் அதில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். நாலு பேர் உட்காரலாம்.