கூரையேறிக் குடித்த பாயசம்

பசியைப் படைத்த கையாலேயே சோற்றையும் படைத்தவள் அன்னபூரணி. அவள் திருவடி நம் சிரத்தின்மேல் இருக்கட்டும். இனி, அவள் அளந்த சோற்றை உண்ணத் தெரியாமல் தவித்தவர்களின் கதையைச் சொல்வோம்.

ஊமத்தம்பட்டி மருதப்பனுக்கும் பூவரசூர்ச் செங்கமலத்துக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. கை நனைப்பது ஒன்றே பாக்கி: பெண் வீட்டுப் பந்தியில் குறைசொல்ல இடமின்றி உண்டு எழுந்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். மருதப்பனுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. பந்தியில் பருப்புப் பாயசம் என்று கேள்விப்பட்டிருந்தான்.

“ஊருக்கு ஊர் சாப்பாட்டு முறை வேறடா. அவங்க செய்யறதையே செய்யுங்க. சொந்தப் புத்தியை வெளியே எடுத்துடாதீங்க!” என்று சொல்லி அனுப்பினாள் அவன் தாய்.

அவ்வறிவுரையின் பிற்பகுதி மருதப்பனுக்கோ, தாய்மாமன் அம்பலவாணருக்கோ, தோழன் சடையாண்டிக்கோ சிரமமாக இருக்கவில்லை.

இலை விழுந்தது. எதிரே பெண்ணின் பெரியப்பா. அவர் ஒரு பிடி சோற்றுடன் முற்றத்துக்குப் போய், “கா, கா” என்று காக்கையை அழைத்து வைத்தார். மூவரும் ஆளுக்கொரு பிடியுடன் பின்னே போய், “கா, கா” என்றனர்.

திரும்பி வந்த பெரியப்பா மோர்மிளகாயைக் கடித்தார். காரம் தலைக்கேறியது, விக்கியபடி தம் உச்சந்தலையில் தட்டிக்கொண்டார்.

“மாமா, எனக்கு விக்கல் வரலையே!” என்றான் மருதப்பன்.

“வரவழைடா! நல்ல குடும்பத்துப் பொண்ணு சும்மா கிடைக்குமா?”

மூவரும் விக்கினர், தட்டிக்கொண்டனர். பெண்ணின் தகப்பனார் திருவேங்கடம் திகைத்தார். விருந்தினர் செய்வதையே நாமும் செய்வதுதான் மரியாதை என்று தம் வீட்டாருக்கு அவரும் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

“அவங்க ஊர் வழக்கம் போல. ம், எல்லாரும் தட்டிக்குங்க!” என்றார். பந்தி முழுவதும் விக்கியது.

செங்கமலம் பாயசத்துடன் வந்தாள். பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இலையைக் கையால் மறைத்து, “எனக்கு வேண்டாம்மா” என்றார்.

அடுத்து மருதப்பன் இலை. ஏலக்காய் மணந்தது. மாமன் தொடையைக் கிள்ளினார். அவன் கை இலையை மறைத்தது. “எனக்கு வேண்டாம்மா” என்றான், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம், கண்ணீர் மல்க.

உடனே பெண் வீட்டாரும் மறைத்தனர். பாத்திரம் ததும்பத் ததும்பத் திரும்பிப் போயிற்று.

“மாமா, அப்ப பாயசத்தை யார்தான் குடிக்கலாம்?”

அம்பலவாணர் நெடுநேரம் ஆராய்ந்தார். “காக்கை குடிக்கலாம். அதுக்கு முறை கிடையாது.”

“அப்ப நாம காக்கையாயிடுவோம்” என்றான் சடையாண்டி.

“அவசரப்படாதே. காக்கை கூரைமேல உட்காரும், கூப்பிட்டாத்தான் இறங்கும். கூப்பிடாம வந்தா மரியாதை இல்லை.”

மூவரும் ஏணி வைத்து ஓட்டின்மேல் ஏறிக் குந்தினர். “பாயசத்துக்குக் கூரையேறணும் போல! தெரியாம இருந்துட்டோமே!” என்று திருவேங்கடம் சுற்றம் சூழ ஏறினார். செங்கமலமும் ஏறி, மருதப்பன் அருகே வெட்கத்துடன் குந்தினாள். இரு வீட்டு வழக்கமும் இம்மியும் பிசகாமல் பொருந்தியதை வியந்து, சம்பந்திகள் முகட்டிலேயே தட்டு மாற்றினர்.

பிறகு அனைவரும் அழைப்புக்காகக் காத்திருந்தனர். அழைக்கத்தான் கீழே ஆளில்லை.

ஊர்க் காக்கைகளெல்லாம் பந்தியில் வந்தமர்ந்தன. வயிறார உண்டபின், தலைவாழை இலையில் நின்ற கிழக்காக்கை ஒன்று கூரையை நிமிர்ந்து பார்த்து, “கா, கா” என்றது.

“கூப்பிட்டாங்கடா!” என்று முதலில் குதித்தான் மருதப்பன்.

இக்கதை கேட்டோர் இலையில் அன்னம் குறையாதிருக்க, உண்ணும் வேளையில் அழைக்க ஒரு குரலும் இருக்க, அன்னை அருள்க!