பால் ஜாயின்ட்

கல்வராயன் மலைச் சரிவில் ஞானாம்பாள் அம்மையின் மடம் இருந்தது. அங்கே நானூறு எலுமிச்சைக் கன்றுகளை நட்டவர் செங்கோடன். பஸ் பணிமனையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, மனைவி போன பிறகு அம்மையிடம் சீடராக வந்தவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

அந்தக் கோடையில் தோட்டத்துச் சின்ன டிராக்டர் காலை வாரிவிட்டது. ஸ்டீரிங்கை ஒடித்தால் சக்கரம் உடனே திரும்பவில்லை. முன்சக்கரத்தோடு அதைப் பிணைக்கும் கம்பியின் முனையில் குண்டு மூட்டு, பால் ஜாயின்ட், தேய்ந்துபோயிருந்தது. வண்டி செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆத்தூர், சேலம், கோவை என்று பழைய இரும்புக் கடைகளையெல்லாம் செங்கோடன் சலித்தெடுத்தார்.

"இந்த மாடலா? எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் கன்றுகளின் இலை சுருண்டது. கீழே இருக்கும் குட்டையிலிருந்துதான் தண்ணீர் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரே பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

அன்று வேறொரு வண்டியின் ஜாயின்டோடு திரும்பினார். திருகு மரை சேரவில்லை. தகரம் சுற்றி அடித்து இறக்கினார். காலி டிரம்களை டிரெய்லரில் ஏற்றும்போது அம்மை வந்தார்.

"கிடைத்துவிட்டதா, ஐயா?"

"கிட்டத்தட்ட. தேடியது போதும் என்று எப்போது தெரியும், அம்மா?"

அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்கள் எதற்கு?"

"குட்டையைப் பார்த்து நாளாயிற்று. எடுங்கள்."

செங்கோடன் வண்டியை எடுத்தார். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் ஸ்டீரிங் கையோடு திரும்பியது. சக்கரம் அரைக் கணம் தாமதித்தே வந்தது. விளிம்பிலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

மூன்றாவது வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தார். 

"இறங்குங்கள், அம்மா."

"ஏன்?"

"உங்களை வைத்துக்கொண்டு இந்த வளைவில் என்னால் போக முடியாது."

அம்மை இறங்கினார். செங்கோடனின் கை மறுபடி கியருக்குப் போனது.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"கன்று வாடுகிறது. இனி பயமில்லை. நான் ஒருவன்தானே."

அம்மை நடந்துபோய் முன்சக்கரத்தை ஒட்டி நின்றார். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

"அந்த ஒருவரையும் இறக்கிவிடுங்கள், ஐயா" என்றார். "குட்டையிலிருந்து குடம் தூக்க ஆள் குறைகிறது."