துடைப்பம் படாத மரம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்நாட்டு அரண்மனைத் தோட்டத்துக்கு அனந்தகீர்த்தி என்று ஓர் அதிகாரி. விடிவதற்குள் தோட்டம் முழுவதையும் கூட்டி, சருகையெல்லாம் மதிலுக்கு வெளியே கொட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிக் கூட்டி என்ன பயன்? ராஜா தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுப்பது விகடன் பூவாண்டிக்குத்தான். சபையில் அந்த வெற்றிலை கைமாறும்போதெல்லாம் அனந்தகீர்த்திக்கு வயிறு எரியும். ஒரே ஒரு வெற்றிலை தமக்கு வரக்கூடாதா என்று ஏங்குவார், பாவம்.

ராஜா ஒருமுறை மலைக்காட்டில் ஒரு குங்கிலிய மரத்தை அண்ணாந்து பார்த்தார். தலைப்பாகை பின்னால் விழுந்துவிட்டது. அந்த மரத்தின் கன்று ஒன்றைக் கொண்டுவந்து தோட்டத்தில் நட்டார். எத்தனையோ மழை பெய்தது. கன்று இடுப்பைத் தாண்டவில்லை.

ஒருநாள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காட்டில் கேட்பாரில்லாமல் வளர்கிற மரம், நம் கண்ணெதிரே வளர மறுப்பதா? இது ராஜத்துரோகம்!"

பழி தோட்டத்து அதிகாரி தலையில்தானே விழும் என்று அனந்தகீர்த்தி முதலில் பயந்தார். பிறகு ஒரு வழி தெரிந்தது.

"மகாராஜா, பூவாண்டியாரால் ஆகாதது எதுவுமில்லை என்று தாங்களே சொல்வீர்கள். அவரிடமே ஒப்படைக்கலாம். ஆனால் மதிலுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி மண்ணோ எருவோ உள்ளே வரலாகாது. தங்கள் தோட்டத்து மண்ணுக்கு என்ன குறை?"

"நல்ல யோசனை. பூவாண்டியாரே, இரண்டு மழைக்காலம் தந்தோம். நாம் இம்மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். இல்லையேல் நீர் நாட்டைவிட்டே போக வேண்டும்."

"மகாராஜா படுத்துக்கொண்டால் இப்போதே அண்ணாந்து பார்க்கலாமே!" என்றான் பூவாண்டி.

ராஜா சிரித்துவிட்டார். அனந்தகீர்த்திக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. "நின்றபடி பார்க்க வேண்டும்" என்று முந்திக்கொண்டார்.

"நின்றபடியே ஆகட்டும். ஒன்று மட்டும் வேண்டும். இந்த மரத்தடியில் துடைப்பம் படக்கூடாது" என்றான் பூவாண்டி. ராஜா சம்மதித்தார்.

பூவாண்டி மரத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தூங்கினான். மறுநாளும் தூங்கினான். தண்ணீர்கூட ஊற்றவில்லை.

அனந்தகீர்த்திக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் பொறாமைக்கு ஏது திருப்தி? மரம் வளராமல் போனாலும் இவன் ஏதாவது சொல்லி ராஜாவைச் சிரிக்க வைத்துவிடுவானே! அந்த இடத்துக்கு வந்தாலே ராஜா முகம் சுளிக்க வேண்டும். கூட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, "இனிமேல் தோட்டத்துச் சருகையெல்லாம் அந்த மரத்தடியிலேயே கொட்டுங்கள்" என்றார்.

சருகு குவிந்தது. மழையில் ஊறி மக்கியது, நாறியது, காளான் பூத்தது. அனந்தகீர்த்தி தினமும் வந்து பார்த்துப் பூரித்தார். அவர் கண் குப்பையிலும் பூவாண்டியின் பாயிலும்தான் இருந்தது. மரத்தை அவர் பார்க்கவேயில்லை.

இரண்டாம் மழைக்காலம் ஓய்ந்ததும் ராஜா சபையாரோடு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கால் கணுக்கால்வரை சருகில் புதைந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் மேலே பார்த்தார். தலைப்பாகை பின்னால் விழுந்தது.

அனந்தகீர்த்தியும் அப்போதுதான் மேலே பார்த்தார்.

"மோசடி, மகாராஜா! வெளியிலிருந்து எருவைக் கடத்தியிருக்கிறான்!"

"யார் இங்கே கொட்டியது?" என்று ராஜா கர்ஜித்தார்.

கூட்டுகிறவள் ஒருத்தி கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "நாங்கதான் சாமி. இந்த அய்யாதான் தினமும் கொட்டச் சொன்னாரு."

"அப்படியானால் மதிலுக்கு வெளியிலிருந்து எருவைக் கொண்டுவந்தவர் நீர்தானா, அனந்தகீர்த்தி?"

"ஐயோ, இல்லை மகாராஜா! எல்லாம் நம் தோட்டத்துச் சருகுதான். ஒரு பிடிகூட வெளியிலிருந்து வரவில்லை, சத்தியம்!"

"அதிகாரியே எனக்காகச் சத்தியம் செய்துவிட்டார்" என்றான் பூவாண்டி. "காட்டில் தங்கள் தலைப்பாகை விழுந்த இடம் ஞாபகமிருக்கிறதா, மகாராஜா? அங்கும் இப்படித்தான் கால் புதைந்தது. மரம் உதிர்ப்பதை மண் தின்னும், மண் வைத்திருப்பதை மரம் தின்னும். நாம் தினமும் விடியற்காலையில் அந்தச் சாப்பாட்டைக் கூட்டி வெளியே எறிந்தோம். நான் எதையும் உள்ளே கொண்டுவரவில்லை. இருந்ததை வெளியே விடவில்லை, அவ்வளவுதான். அதுவும் பாதி வேலைதான். நான் தூங்கியபோது பரிமாறியவர் இவர்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரம் நின்ற நிலத்தைப் பூவாண்டிக்கே எழுதிவைத்து, தம் கையால் ஒரு வெற்றிலையையும் மடித்துக் கொடுத்தார்.

"மகாராஜா, அவருக்கும் ஒன்று கொடுங்கள். அவர் இல்லாமல் இந்த மரம் இத்தனை வளர்ந்திருக்காது."

ராஜா இன்னொரு வெற்றிலையை மடித்து நீட்டினார். இத்தனை காலம் ஏங்கிய வெற்றிலை. அனந்தகீர்த்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சபையே பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கேயே மெல்ல வேண்டியிருந்தது.