எவ்வளவு சிந்தியது?

குறுக்கலாறு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள். தலைமை உதவியாளர் உச்சிமாகாளி, அவருக்குக் கீழே தவசிக்கனி, சுடலைக்கண்ணு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் பேச்சு. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: சுவரில் ஒட்டிய விதிகளை மீறி அவர்கள் ஒரு அடி எடுத்துவைத்ததில்லை.

போன மாதம் தரையில் அமிலம் கிடந்ததைப் பார்த்துவிட்டு முதல்வர், "இன்னொரு தடவை இதைப் பார்த்தேன், லேபை இழுத்துப் பூட்டிருவேன்" என்று சொல்லியிருந்தார். பேராசிரியை ஞானசௌந்தரிக்கு அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. அவருடைய நாற்பது மாணவிகளுக்கும் செய்முறைத் தேர்வு அந்த அறையில்தான். அவரே கைப்பட ஐந்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டி, "இதுல உள்ளபடி செய்யுங்க, போதும். நீங்களா எதையும் யோசிக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

தேர்வு நாள். பத்து மணிக்கு முதல்வரும், தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னலும் வருவார்கள். ஒன்பது மணிக்கு, பாட்டில் பளபளவென்று இருக்கவேண்டுமே என்று துடைத்த சுடலைக்கண்ணு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தான்.

மூன்று பேரும் பதறவில்லை. சுவரைப் படித்தார்கள். முதல் விதி: அருகில் இருப்பவர்களை எச்சரிக்கவும்.

"பக்கத்துல யாருலே இருக்கா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"நாமதான் அண்ணாச்சி."

உச்சிமாகாளி தவசிக்கனியின் தோளைத் தொட்டு, "ஆசிட் சிந்தியிருக்கு, பார்த்து நில்லு" என்றார். தவசிக்கனி சுடலைக்கண்ணுவை எச்சரித்தான். சுடலைக்கண்ணு உச்சிமாகாளியை எச்சரித்தான். அவர், "நல்ல நேரத்துல சொன்னே" என்று நன்றி சொன்னார்.

இரண்டாம் விதி: அமிலம் பட்ட உடையை உடனே கழற்றவும். நாற்காலியில் தொங்கிய வெள்ளைக் கோட்டில் நாலு சொட்டுத் தெறித்திருந்தது.

"கோட்டை யாரும் போட்டிருக்கலையே. போடாததை எப்படி அண்ணாச்சி கழத்துறது?" என்றான் தவசிக்கனி.

நியாயமான கேள்விதான். சுடலைக்கண்ணு கோட்டைப் போட்டு, ஐந்து பொத்தானையும் மாட்டி, பிறகு விதிப்படி கழற்றினான். உடனே கழற்றவில்லை, பொத்தானில் நேரம் போய்விட்டது என்று உச்சிமாகாளி குறை சொன்னதால், பொத்தான் மாட்டாமல் இன்னொரு தடவை போட்டுக் கழற்றினான்.

மூன்றாம் விதி: தனியாக எதையும் செய்யக்கூடாது. அடுத்த விதிக்கு வேண்டிய, அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு டப்பா மேல் தட்டில் இருந்தது. ஆகவே ஒரே ஸ்டூலில் மூன்று பேரும் கைகோத்து ஏறினார்கள். ஸ்டூல் எப்படித் தாங்கியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான்காம் விதி: நுரை அடங்கும்வரை சோடா உப்பைத் தூவி, பிறகு துடைக்கவும். தூவினார்கள். நுரை பொங்கி அடங்கியது. கையுறை போட்டுக் கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கி, தரையைத் துடைத்து, கழுவிக் காயவிட்டார்கள். அத்தனையும் சரியாகச் செய்தார்கள். எனக்கே சந்தோஷமாகிவிட்டது. மணி ஒன்பதே முக்கால்.

மிச்சம் ஐந்தாம் விதி: எவ்வளவு சிந்தியது, எவ்வளவு தூரம் பரவியது என்று அளந்து பதிவேட்டில் எழுதவும். உத்தேசமாக எழுதக்கூடாது.

மூன்று பேரும் காய்ந்த தரையைப் பார்த்தார்கள்.

"ஒரு நாலடி இருக்கும்" என்றான் சுடலைக்கண்ணு.

"இருக்கும்னா அது உத்தேசம்லா?" என்றார் உச்சிமாகாளி. "மேடம் நம்மளை நம்பி எழுதியிருக்காங்க. இதுல பொய் எழுதச் சொல்லுதியா?"

தவசிக்கனி வெகுநேரம் யோசித்தான். மூளை அன்றைக்கு அவனிடம் இருந்திருக்கவேண்டும்.

"அண்ணாச்சி, அதே மாதிரி பாட்டில் இன்னொண்ணு இருக்கு. அதே உசரம். அதே இடம்."

உச்சிமாகாளி அவனைக் கட்டிக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு முதல்வரும் எக்ஸ்டர்னலும் ஞானசௌந்தரியும் வாசலில் வந்து நின்றார்கள். எக்ஸ்டர்னல் தரையைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமான லேபை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார். முதல்வர் முகம் மலர்ந்தது. "இனி பூட்டுங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றார். ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு பேரும் அங்க என்ன செய்றீங்க?" என்று அன்பாகக் கேட்டார்.

"கடைசி விதி மேடம், இந்தா முடிஞ்சிரும்" என்றார் உச்சிமாகாளி. "விடுலே."

சுடலைக்கண்ணு பாட்டிலை விட்டான்.

மாணவிகள் அன்றைக்கு பஸ் ஏறிப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் தேர்வு எழுதினார்கள். ஞானசௌந்தரியும் கூடவே போனார். ஆய்வகத்துக்குப் பெரிய பூட்டாகப் போட்டாயிற்று. பதிவேடு மட்டும் முதல்வர் மேசைக்குப் போனது. சிந்திய அளவு: அரை லிட்டர். பரவிய தூரம்: நாலடி மூன்று அங்குலம். எல்லாம் உத்தேசமில்லாமல் அளந்து எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், சிந்தியதற்கான காரணம் என்ற இடத்தில், உச்சிமாகாளி மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "எவ்வளவு சிந்தியது என்று தெரிந்துகொள்ள."