வைக்கோல் பூசணமும் சேதியாண்டியோட கோபமும்

ஒரு ஊர்ல ஒரு நெஞ்சு இருந்துச்சு. யாரோட நெஞ்சு? மாடு வச்சிருந்த இருளாயியோடது. மழையில நனைஞ்ச வைக்கோலை அவ உதறிக்கிட்டு இருந்தா. பொஸ் பொஸ்னு புகை மாதிரி பூசணம் கிளம்புது.

"மூக்கைக் கட்டிக்கிட்டு உதறு புள்ள"ன்னான் புருசன் பரமன்.

"பேசுற நேரத்துல நீ வந்து உதறேன்"னா அவ. சொல்லிட்டு சர்ருனு ஒரு மூச்சு இழுத்தா. அவ்வளவுதான், பூசண விதைங்க உள்ள போயிருச்சு.

கதை கேக்கையில 'ம்' கொட்டு கண்ணு.

அந்த நெஞ்சுக்குள்ள ஒரு ஊரு. தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் காத்து அறைங்க. அங்க சேதி சொல்றவன் ஒருத்தன் இருந்தான், சேதியாண்டின்னு பேரு. கண்ணுக்கே தெரியாத பொடி ஆளு. ஆயுதம் கிடையாது, சேதி சொல்றது ஒண்ணுதான் வேலை. அடிக்கிற வேலை, ரத்த வாய்க்கால்ல திரியுற வெள்ளையப்பனுக்கும் அவன் ஆளுங்களுக்கும்.

ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஏன்னா, முன்ன ஒரு தடவை மிளகாய் நெடி உள்ள வந்துச்சு. சேதியாண்டி பயந்து கூப்பிட்டுட்டான். வெள்ளையப்பன் வந்தான், யாரு என்னன்னு பாக்காம நெருப்பைக் கொட்டினான், நல்ல நல்ல அறையெல்லாம் கருகிப்போச்சு. அப்புறம் ஊரே கூடி நிக்கையில, "இந்தப் புளுகன் கூப்பிட்டான், வந்தேன்"னு பழியைத் தூக்கி இவன் தலையில போட்டான். அன்னிலேருந்து அவன் மூஞ்சியில முழிக்கிறதில்லைன்னு இருந்தான் சேதியாண்டி. மறக்கிற பேச்சா அது?

இப்ப இருளாயி இழுத்த விதைங்களை, அந்த ஊரு காவக்காரக் கிழவன் மொக்கையன் அள்ளி அள்ளி முழுங்குறான், மொடக், மொடக். ஆனா ஒவ்வொரு விதைக்கும் வழவழன்னு ஒரு சட்டை. பிடிச்சா நழுவுது. ஒண்ணு நழுவி மூலையில ஒளிஞ்சுக்கிச்சு. ஊறுச்சு. உப்புச்சு. பட்டுனு சட்டை கிழிஞ்சு, வெள்ளையா ஒரு நூல் எட்டிப் பாத்துச்சு. சரசரன்னு சுவத்தைத் துளைக்குது. அது மொக்கையன் வாயில அடங்குற நீளமா?

"சேதியாண்டி, வெள்ளையப்பனைக் கூப்பிடுடா!"ன்னான் மொக்கையன்.

"அவனையா?"

"அவனைத்தான். வேற யாரு இருக்கா?"

மொத தடவை, வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு முனகினான். ஒருத்தனும் வரல. நூல் இன்னும் நீளுது. ரெண்டாந்தடவை, திரும்பாமலே கத்தினான், "ஓய்ய்ய்!" வெள்ளையப்பனும் ஆளுங்களும் தடதடன்னு வந்துட்டாங்க. வந்து, நூலைச் சுத்தி சும்மா நிக்கிறாங்க.

"எங்கடா அந்தப் புளுகன்?"ன்னான் வெள்ளையப்பன். "இதுவும் மிளகாய் நெடியா? காதுல வந்து சொல்லட்டும், அப்பத்தான் பத்த வைப்பேன்."

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

நூலு வாய்க்கால் கரைக்கு வந்துருச்சு. ரத்தத்துல விழுந்தா உடம்பெல்லாம் பரவிரும், இருளாயி கதை முடிஞ்சுது. வெளிய அவ தரையில உக்காந்துட்டா. ஈஈஸ், ஈஈஸ்னு இழுக்குது.

"ஏ புள்ள, என்ன செய்யுது?"ன்னான் பரமன். அவ கையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினா.

சேதியாண்டி திரும்பிப் பாத்தான். அவன் மூஞ்சியில முழிக்கிறதா? முழிக்கலைன்னா ஊரே போயிரும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனான். வெள்ளையப்பன் காதைப் பிடிச்சான்.

"நெடி இல்ல. பூசணம். சட்டை கிழிஞ்சு நிக்குது. பத்த வைடா!"

குப்! நூலு சுருண்டுச்சு, கருகுச்சு. அப்போ நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவுது, அன்னிக்கு மாதிரியே. சேதியாண்டி பிடிச்ச காதை விடல.

"போதும்! அணை!"

வெள்ளையப்பன் முறைச்சான். முறைச்சுக்கிட்டே அணைச்சான். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கும் தூரத்துல நின்னு கத்தினேன். உன் காதுல விழல."

கொஹ், கொஹ்! இருளாயி இருமித் துப்பினா. மூச்சு வந்துருச்சு. "பாத்துக்கிட்டே நிக்கிறியே, மிச்ச வைக்கோலை யாரு உதறுவா?" பரமன் துண்டை எடுத்துத் தன் மூக்கைக் கட்டிக்கிட்டு வைக்கோலை உதறப் போனான்.

சேதியாண்டியும் வெள்ளையப்பனும் ராசியாயிட்டாங்களான்னு கேக்காத. இன்னிக்கும் பேச்சு இல்ல. ஆனா சேதியாண்டி இப்பல்லாம் வாய்க்கால் கரையிலதான் படுக்குறான், வெள்ளையப்பன் காதுக்கு எட்டுற தூரத்துல.

ம்? ம் சத்தத்தையே காணோம். மூச்சு சீரா போகுது. கதையும் அதோட போகட்டும், தூங்கு.